ரத்தத்தில் ஏறிய புளிப்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் விழித்தபோது என் கால்கள் போட்ட இடத்திலேயே கிடந்தன. உணர்ச்சி போகவில்லை. வலது குதிகாலில் ஓர் எறும்பு ஏறுவது தெரிந்தது. அதை உதறத்தான் முடியவில்லை. முழங்காலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே உடம்பு மணல் மூட்டையாகக் கனத்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி பஞ்சவர்ணம் இரண்டு தடவை கூப்பிட்டாள். விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கரண்டியோடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு என் காலைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் அது பொத்தென்று விழுந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது. நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீடு. பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பியூரெட் என்கிற அளவுக் குழாய்களைக் கழுவுவது, அமிலத்தை நீர்த்து வைப்பது, மாணவர்கள் உடைத்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது, இவைதான் என் வேலை. இப்படி ஒரு நோய் உண்டென்று அதற்கு முன்பு நான் கேள்விப்பட்டதில்லை. இன்றும் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். என்னைப் போல யாராவது ஒரு காலையில் எழ முடியாமல் கிடந்து, சுற்றி நிற்கிற நாலு பேர் நாலு விதமாகப் பேசும்போது, அதில் ஒருவருக்காவது இது நினைவுக்கு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்படி ஒருவர் இல்லாமல் போன வீடு எங்களுடையது.

அதற்கு முந்தின நாலு நாளும் எனக்கு வயிற்றுப்போக்கு. கெடா வெட்டு விருந்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையே பஸ் படியில் ஏறும்போது தொடையில் கையை ஊன்றித்தான் ஏற முடிந்தது. கெண்டைச் சதை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. களைப்பு என்று நினைத்தேன். சிறு வயதிலிருந்தே எனக்குக் காலெலும்பு வலி உண்டு. ஆள் குள்ளம். ஓயாமல் தண்ணீர் குடிப்பேன், அதே அளவுக்கு ஒன்றுக்குப் போவேன். இருபத்திரண்டு வயதில் ஒரு கல் இறங்கி உயிரை வாங்கியது. இவையெல்லாம் தனித்தனிச் சங்கதிகள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தார். எங்கள் மூன்று வயது மகளை அவர் மனைவி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அவரும் டிரைவருமாக என்னைத் தூக்கி, அருகில் இருந்த ஒரு சிறிய கிளினிக்கில் கிடத்தினார்கள். போக்கில் சத்தெல்லாம் போய்விட்டது என்று அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்குவதற்குள் என் கைகளும் கனக்க ஆரம்பித்தன. முழு பாட்டிலும் இறங்கி முடிந்தபோது தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. சர்க்கரை ரத்தத்தில் ஏறும்போது, ரத்தத்தில் மிச்சமிருக்கிற கொஞ்ச பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு செல்லுக்குள் போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த டாக்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பயந்துபோய், உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று அவரே ஒரு காரும் ஏற்பாடு செய்தார்.

பெரியாஸ்பத்திரியில் என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்து வராந்தாவில் நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் எட்டு பத்துப் பேர். கூரையில் ஓடிய ஒரு வயரையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பஞ்சவர்ணம் தன் முந்தானையால் என் வாயோர எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து வாதம் என்றார்கள். ஒரு அம்மாள் எண்ணெய் வைத்தியம் பார்க்கிற ஒருவரின் ஊரைச் சொல்லி, பஸ் நம்பரும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் பார்த்த டாக்டர் சின்ன சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. நரம்பு நோயாக இருக்கும் என்று எழுதி வார்டுக்கு அனுப்பினார். அங்கே மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் எஸ்தர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான உருவம். வந்ததும் என் காலைத் தொடவில்லை. கட்டிலருகே நின்று என் மார்பையே பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்குகிறீர்களே, படுத்துத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேகவேகமாக, ஆழமாக மூச்சு போய்க்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நீளமான காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு மேட்டுக்குப் பக்கத்திலும் இன்னொரு சின்ன மேடு இருப்பதை மற்ற டாக்டர்களுக்குக் காட்டினார். பொட்டாசியம் குறைந்த இதயம் இப்படி எழுதும் என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சதை அசைய வேண்டுமென்றால் அதற்குப் பொட்டாசியம் வேண்டும். அது இல்லாமல் போனதால்தான் காலும் கையும் கழுத்தும் நின்றன. அடுத்தது மூச்சு வாங்குகிற சதை. அதற்கடுத்தது இதயம். இதை அவர் பஞ்சவர்ணத்திடம் தள்ளிப் போய்ச் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

பொட்டாசியத்தைப் பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். ஏறுகிற நரம்பெல்லாம் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிந்தது. வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும், மெதுவாக விட்டால் போதாது. நர்ஸ், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று பஞ்சவர்ணத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளிடம் கடிகாரம் இல்லை. நர்ஸ் தன் கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தார். அதைக் கையில் கட்டாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் விரலைத் தூக்கி நிறுத்துவாள். எண்ணி முடித்த பிறகுதான் பதில்.

மறுநாள் காலை என் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. முதலில் பார்த்தவள் அவள்தான். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பொட்டாசியம் குறைந்தது தெரிந்தது, ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் காரணமாக இருக்காது என்று டாக்டர் எஸ்தருக்குச் சந்தேகம். ரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பதாக இன்னொரு சோதனை சொல்லியிருந்தது. என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வரச் சொல்லி, அதில் ஒரு சிறு காகிதத்தை நனைத்தார். அந்தக் காகிதம் எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் தினமும் கிழித்துக் கொடுக்கிற காகிதம்தான். என்ன நிறம் வந்தது டாக்டர் என்று கேட்டேன். அதைக் கேட்கிற நோயாளியை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். காகிதத்தை என் கண்ணருகே கொண்டுவந்தார். பச்சை.

"பச்சைன்னா அமிலம் இல்லையே டாக்டர். ரத்தத்துல அமிலம் கூடியிருக்குன்னு சொன்னீங்க."

"அதுதான் உங்க சீக்கு" என்றார்.

அன்று மாலை, வேலை முடிந்த பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். நான் ஆய்வக ஆள் என்பதால் எனக்குத் தெரிந்த சாமான்களை வைத்தே பேசினார். எங்கள் துறையில் பஃபர் என்று ஒரு கரைசல் உண்டு. அதில் நாலு சொட்டு அமிலம் விட்டாலும் புளிப்பை அளக்கிற மீட்டரின் முள் அசையாது. வெறும் தண்ணீரில் அதே நாலு சொட்டு விட்டால் முள் சடக்கென்று சாயும். நம் ரத்தம் அந்தப் பஃபர் மாதிரி. நாம் தின்கிற பருப்பும் கறியும் உடம்பில் எரிந்து தினமும் அமிலத்தை விட்டுப் போகின்றன. ரத்தத்தில் இருக்கிற பைகார்பனேட், அதாவது ஆப்பச் சோடாவில் இருக்கிற அதே சரக்கு, அந்த அமிலத்தை உடனுக்குடன் அடக்கிவிடுகிறது. முள் அசைவதில்லை.

ஆனால் அடக்க அடக்கச் சோடா தீரும். அப்போது நுரையீரல் கைகொடுக்கும். கோலி சோடாவைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறிப் புளிப்புக் குறைகிறது அல்லவா, அது போல மூச்சில் கரியமில வாயுவை வேகமாக வெளியே தள்ளி ரத்தத்தின் புளிப்பைக் குறைக்கும். படுத்த இடத்தில் நான் ஓடியவன் போல மூச்சு வாங்கியது அதனால்தான். ஆனால் மூச்சில் போகாத அமிலமும் உண்டு. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதை வெளியேற்றிவிட்டு, தீர்ந்த சோடாவைப் புதிதாகச் செய்தும் கொடுக்க வேண்டும். நல்ல சிறுநீரகம் இருந்தால், ரத்தம் புளிக்கும்போது சிறுநீரும் புளிப்பாகப் போகும், காகிதம் சிவக்கும். என் சிறுநீரகம் பிறவியிலேயே அந்த வேலையைச் செய்யத் தெரியாதது. அமிலத்தை உள்ளே நிறுத்திவிட்டுப் பொட்டாசியத்தை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுப்போக்கு கடைசித் தள்ளு தள்ளியது.

அப்படியானால் சோடாவைக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். போதும், ஆனால் முதலில் கொடுத்திருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கி நான் போயிருப்பேன் என்றார். முதலில் பொட்டாசியம், பிறகு சோடா. அந்த முன்பின்தான் உயிர்.

என் ஆத்தா கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள். அப்பா இறந்து நாலு வருஷமாகியிருந்தது. ஊரில் தனியாகத்தான் இருந்தாள். ரத்தத்தில் புளிப்பு ஏறிவிட்டது என்று பஞ்சவர்ணம் சொன்னதும், இவன் சின்ன வயசிலேயே புளியைக் கோதுகோதாகத் தின்பான், நான்தான் அடித்துத் திருத்தாமல் விட்டேன் என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். புளி சேர்க்கக் கூடாது, காரம் சேர்த்தால் சரியாகும் என்று யாரோ நர்ஸ் பேசியதை அரைகுறையாகக் கேட்டு, மிளகாய் தூக்கலாக ஒரு துவையல் செய்துகொண்டு வந்தாள். அமிலத்துக்கு எதிர்ப்பதமான காரம் வேறு, மிளகாய்க் காரம் வேறு என்று டாக்டர் எஸ்தர் சிரிக்காமல் எடுத்துச் சொன்னார். எலுமிச்சம்பழம் நாக்குக்குத்தான் புளிப்பு, அதில் இருக்கிற சிட்ரேட் உடம்புக்குள் போய்ச் சோடாவாகவே மாறும் என்றும் சொன்னார். ஆத்தாவுக்கு அது புரியவில்லை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் உண்டு என்று கேட்ட பிறகு, தினமும் வெயிலில் நடந்து போய் இரண்டு இளநீர் சீவி வாங்கி, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகங்களிலும் கோலமாவு சிந்தினது போல வெள்ளைப் பொட்டுகள். சுண்ணாம்பு என்றார் டாக்டர். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இத்தனை வருஷமாக அமிலத்தை அடக்க ரத்தத்தில் சோடா போதாமல், உடம்பு எலும்பைக் கரைத்துச் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்திருக்கிறது. வளர வேண்டிய எலும்பு கரைந்ததால்தான் நான் குள்ளம். காலெலும்பு வலித்ததும் அதனால்தான். கரைந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தில் தங்கிக் கல்லானது. நான் தனித்தனி என்று நினைத்ததெல்லாம் ஒன்றே. எக்ஸ்ரே படலத்தைத் திரும்பக் கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே மாதிரி காலெலும்பு வலியோடு, ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு, குள்ளமாக இன்னொருத்தியும் எங்கள் வீட்டில் இருந்தாள்.

அதற்குள் டாக்டர் எஸ்தர் கேஸ் ஷீட்டை எடுத்து, அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அப்பா தன் அக்கா மகளைத்தான் கட்டினார் என்றேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார். ஒரு அக்கா, பேர் தவமணி, பத்தொன்பது வயதில் இறந்துவிட்டாள் என்றேன். எதில் என்று கேட்டார்.

"காய்ச்சல்" என்றேன்.

ஆத்தா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

காய்ச்சல் இல்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. அக்காவுக்கு ஆத்தாவின் தம்பியை, எங்கள் தாய்மாமனை, பேசி முடித்திருந்தார்கள். மாமா அடுத்த ஊர். அக்காவைவிட ஒன்பது வயது மூப்பு. நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் காலை அக்கா எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை என்றாள். அப்பா தூக்கி நிறுத்திப் பார்த்தார், துவண்டு உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, புத்தி தெளிவாக இருந்தது. முந்தின நாள்வரை தண்ணீர்க் குடம் சுமந்தவள். பார்க்க வந்த பெண்கள் வாசலில் நின்று ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டினார்கள். மாப்பிள்ளை பிடிக்கவில்லை, அதனால் இப்படிச் செய்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. அப்பாவும் அதை நம்பினார். திருநீறு போடுகிற ஒருவரைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தார்.

நானும் நம்பினேன். ஒரு வாரம் முன்பு கிணற்றடியில் அக்கா தனியாக உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருந்தேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அதை நான் கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டேன். இரண்டாம் நாள் அவள் கையும் விழுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டாள். நான் குவளையைக் கையில் கொடுத்தேன், அவள் பிடிக்கவில்லை. சிந்தியது. "நெசமா வரலடா தம்பி" என்றாள். நான் இன்னொரு குவளை கொண்டுவந்து வாயில் ஊற்றினேன். அப்போதும் அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மாமா வில்வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்திருந்தார். ரோட்டுக்குக் கொண்டுபோய், பஸ்ஸோ லாரியோ பிடித்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று வந்தவர். வாசலில் நான்தான் நின்றேன். எப்படி இருக்கு என்று கேட்டார்.

"நடிக்குது மாமா. உங்களக் கட்டிக்கப் பிடிக்கல, அதான்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மாட்டின் முதுகில் கையை வைத்தபடி நின்றார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குள் அக்கா வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் அந்த வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. தணிந்துவிட்டது என்று நினைத்தோம். பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். அரளிக்கொட்டையை அரைத்துக் குடித்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை.

டாக்டர் எஸ்தரிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பொய் சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். மூச்சு எப்படிப் போனது என்பதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் ஓடி ஓடி உழைத்திருக்கும், அந்த மூச்சை இழுக்கிற சதையிலேயே பொட்டாசியம் தீர்ந்ததும் மூச்சு அடங்கியிருக்கும், அது தணிந்தது இல்லை என்றார்.

"அப்ப அக்காவுக்கும் இதுதானா?"

"ரத்தம் பாக்காம நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்க சொல்றதை வேற எதுவாவும் எனக்கு நெனைக்க வரல."

மதுரைக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, ஆனால் சரியான கையில் சேர்ந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். என்னைத் தேற்றுவதற்காக முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லாததற்கு நான் அப்போது வருந்தினேன். இப்போது நன்றியோடு நினைக்கிறேன்.

ஆத்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். பஞ்சவர்ணம் சொல்ல வேண்டாம் என்றாள். வயசான காலத்தில் இதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது அவள் கட்சி. ஆனால் ஆத்தாவே கேட்டுவிட்டாள். இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டே, தவமணிக்கும் இதுதான் வந்ததா என்றாள். வார்டில் டாக்டர் பேசியதை எல்லாம் ஒரு ஓரமாக நின்று கேட்டிருக்கிறாள். நான் ஆமாம் என்றேன். கை நிதானமாக டம்ளரை நிரப்பி முடித்தது. என் வாயருகே கொண்டுவந்து குடிக்க வைத்தாள்.

"அது நடிக்கலைன்னு எனக்கு மொத நாளே தெரியும்டா. பெத்தவளுக்குத் தெரியாதா. உங்கப்பன்கிட்டச் சொல்லத்தான் தைரியம் வரல."

வார்டில் இருந்த மிச்ச நாளெல்லாம் என் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். நான் வேண்டாம் என்றாலும் விடவில்லை. அவள் யாருடைய காலைப் பிடித்துவிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினோராம் நாள் சுவரைப் பிடித்து நடந்தேன். பதினாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் மூன்று வேளை பொட்டாசியம் சிட்ரேட் மருந்து, கூடவே சோடா உப்பு. மருந்து உப்பும் கசப்புமாகத் தொண்டையில் நிற்கும். உயிர் உள்ளவரை குடிக்க வேண்டும். குடித்தால் போதும், மற்றபடி எல்லோரையும் போல இருக்கலாம். பஞ்சவர்ணமும் எனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் எங்கள் மகளையும் சோதிக்கச் சொன்னார் டாக்டர். அவள் காலைச் சிறுநீரில் காகிதத்தை நானே நனைத்தேன். அந்தக் காகிதத்தை ஆயிரம் தடவை நனைத்த கை என்னுடையது, அன்றைக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. காகிதம் ஆரஞ்சாக மாறிச் சிவப்பை ஒட்டி நின்றது. அவள் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றுகிறது. பஞ்சவர்ணம் அந்த ஈரக் காகிதத்தை வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடை திடப்பட்டதும் மாமாவைப் பார்க்கப் போனேன். ஆத்தாதான் போகச் சொன்னாள். அக்கா இறந்த பிறகு மாமா எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. பிறகு வேறிடத்தில் கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். விசேஷங்களில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொள்வதைவிடச் சாவதே மேல் என்று போய்விட்டாள் என்ற பேச்சைப் பதினோரு வருஷமாகச் சுமந்துகொண்டு அந்த ஊரில் இருந்தவர் அவர்.

கொட்டாம்பட்டியில் இறங்கி நடந்தேன். மாமா கடலைக் காட்டில் நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், உடம்பு தேவலையா மாப்ள, கேள்விப்பட்டேன் என்று சொல்லி வரப்பில் துண்டை விரித்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் கால் விழுந்தது, மூச்சு வாங்கியது, சிறுநீரகம், எலும்பு, பரம்பரை. அக்காவுக்கும் அதேதான் என்று டாக்டர் நினைப்பதையும் சொன்னேன். அரளி இல்லை மாமா, அது எதையும் குடிக்கவில்லை என்றேன். அன்றைக்கு வாசலில் நான் சொன்னது தப்பு, நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வண்டியில் ஏற்றியிருப்பீர்கள் என்றும் சொல்லி முடித்தேன். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். முடியவில்லை.

மாமா எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நீ சின்னப் பய, நான் ஆம்பளை, உன் பேச்சைக் கேட்டு வண்டியைத் திருப்பியது என் ரோசம் என்றார். உள்ளே போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், போகவில்லை என்றார். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தூக்குவாளியோடு தூரத்து வரப்பில் வருவது தெரிந்தது. குரலைத் தணித்துக் கேட்டார்.

"அப்ப, என்னயப் பிடிக்காமப் போகலையா மாப்ள அது?"

பிடித்துத்தான் இருந்தது மாமா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அக்காவைப் பற்றி ஏற்கெனவே ஒரு தடவை எனக்குத் தெரியாததைத் தெரிந்தது போல அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"தெரியல மாமா. அதுகிட்ட நாங்க யாருமே கேக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா" என்றார். "நானும் கேக்கல."